துலூஸுக்குப் போகாதவன்

வாந்தோம் அருகே, கன்னியர் மடம்
தவக்காலம், 1229

அன்புத் தம்பி கோசெலினுக்கு,

அக்கா எர்சான் ஆசிகளோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் நின்றதா? பக்கம் பக்கமாகப் பாடமும் வாதமும் எழுதுகிறாய். உடம்பைப் பற்றி ஒரு வரி கிடையாது.

உன் மாணவன் ரெனியே கொண்டுவந்து தந்த ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன. நல்ல பிள்ளை. பட்டாணிக் கஞ்சியைத் திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்தான். "உங்க தம்பி பாடம் எடுத்தா சாப்பாட்டு மணி அடிச்சாலும் யாரும் எழுந்திருக்க மாட்டோம். அதான் இங்கயே சேர்த்துச் சாப்பிட்டுக்கறேன்" என்றான்.

தவக்காலத்தில் முட்டை விலக்கு என்பதால் சாப்பிட ஆளில்லை. அந்த ஏடுகளில் கிரேக்க ஞானி சொன்னபடியே கோழியை அடைக்கு வைத்து, தினம் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தேன். நாலாம் நாள் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. துடித்தது, கோசெலின்! சமையற்கட்டு அவீஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உயிரா இது?" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் ஒருவன் பார்த்ததை நானும் பார்த்தேன். அன்று ஜெபத்தில் மனம் அப்படி ஒன்றியது.

மடத்துத் தலைவிக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

உன் அக்கா,
எர்சான்

*

பாரிஸ்
உயிர்ப்புத் திருநாள் கழிந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. ரெனியே இறந்துவிட்டான்.

தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்டத்தில், ஒரு மதுக்கடையில் மாணவர்கள் சிலர் தகராறு செய்தார்கள். அதற்குத் தண்டனை என்று அரசியின் காவலர்கள் மதிலுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்தவர்களை வெட்டிப்போட்டார்கள். ரெனியே அந்தக் கடைப்பக்கமே போனவனல்ல. நான்தான் போய் அடையாளம் காட்டினேன்.

நீதி கிடைக்கும்வரை பாடம் கிடையாது என்று ஆசிரியர்கள் நகரை விட்டே கிளம்புகிறார்கள். துலூஸில் புதிதாக ஒரு கல்விக்கூடம் வருகிறதாம். இங்கே தடைசெய்த கிரேக்க நூல்களை அங்கே யாருக்கும் பயப்படாமல் நடத்தலாமாம்.

நேற்று பேராலயத்துப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். "போறவங்க போகட்டும், நீங்க இருங்க. பேராலயத்துல உங்களுக்கு ஆயுசுக்கும் ஒரு இடம் உண்டு. அந்தப் புத்தகங்களை மட்டும் விட்டுடறேன்னு சத்தியம் பண்ணிக் கொடுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பயத்திலா, ஆசையிலா, எனக்கே தெரியவில்லை.

நான் என்ன செய்ய?

உன் தம்பி,
கோசெலின்

*

மடத்திலிருந்து

தம்பி,

ரெனியேக்காக மணி அடித்தோம். அவீஸ் இன்னும் அழுகிறாள்.

நீ போ. துலூஸ் தூரம்தான். போனால் நாம் இந்த உலகத்தில் மறுபடி பார்த்துக்கொள்ள மாட்டோம், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். அந்தப் பிள்ளையை வெட்டியவர்கள் தண்டனையில்லாமல் நடமாடும் ஊரில், காலியான பெஞ்சுகளுக்கு முன்னால் நீ நின்று என்ன சொல்லித் தருவாய்? கம்பளிச் சட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்.

எர்சான்

*

பாரிஸ்
பெந்தகோஸ்தே வாரம்

அன்புள்ள அக்கா,

தங்கிவிட்டேன். சத்தியமும் செய்துவிட்டேன். கோபப்படாமல் படி. எனக்கு நெஞ்சில் பலமில்லை, தெற்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. உன்னைவிட்டு அவ்வளவு தூரம் போகவும் மனம் வரவில்லை. உனக்காகத்தான் இருந்தேன் என்றே வைத்துக்கொள்.

என்னிடமிருந்த பிரதிகளையெல்லாம் ஒப்படைத்தாயிற்று. வெளியில் ஒன்றும் இல்லை என்று சிலுவையின் மேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறேன். ஆகவே உன்னிடமுள்ள ஏடுகளை இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடமே கொடுத்தனுப்பு. இல்லாவிட்டால் நான் உன் பெயரைச் சொல்ல வேண்டிவரும். என்னை அந்த நிலைக்குத் தள்ளாதே.

கோசெலின்

*

கன்னியர் மடம்
புனித யோவான் திருநாளுக்கு மறுநாள்

ஆசிரியர் கோசெலின் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய ஆள் வெறுங்கையோடு வருகிறார். ஏடுகள் இங்கே இல்லை. பாரிஸை விட்டுத் துலூஸுக்குப் போகும் வழியில் ஆசிரியர் வார்னியே எங்கள் விருந்தினர் விடுதியில் தங்கினார். உங்களைப் பற்றி விசாரித்தேன். "பாடம் எடுக்கறார்மா. ரெனியே உட்கார்ந்த இடத்துல இப்ப வேற யாரோ உட்கார்றாங்க" என்றார். அன்றே ஏடுகளை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

என் பெயரைச் சொல்லும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். தலைவியிடம் நானே சொல்லிவிட்டேன். "முட்டையை உடைச்சு வேடிக்கை பார்க்கவா உன்னை இந்த மடத்துல சேர்த்தோம்?" என்று கத்தினார். ஒரு வருஷம் நான் பேனா தொடக் கூடாது. இரண்டு கடிதங்களுக்கு மட்டும் கெஞ்சி அனுமதி வாங்கினேன். ஒன்று இது. அந்த வருஷம் முடிந்த பிறகும் உங்களுக்கு எழுத மாட்டேன். எனக்காகத் தங்கினேன் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று ஆராஸில் இருக்கும் ரெனியேயின் தாய்க்கு. அவனுக்காக மணி அடித்ததை எழுதியதற்குப் பதில் போட்டவள், தன் மகனுக்குப் பாடம் சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டிருந்தாள். உன் மகன் சாவுக்கு நியாயம் கேட்டு, மற்றவர்களோடு அவரும் பாரிஸை விட்டுப் போய்விட்டார் என்று எழுதினேன். பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

சகோதரி எர்சான்