விளக்கு அணைத்தது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர. டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு அது அடங்கவில்லை. நான் திட்டுகிற இடங்களில் இவள் பாதியை விழுங்கிவிட்டு எழுதுகிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. குறைந்திருந்தால் நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

அண்ணிக்கு முட்டி வலி இப்போது தேவலை. மகள் எங்கள் மாடி வீட்டுக்கே குடிவந்துவிட்டாள்.

உன் கடிதமும் டிக்கெட்டும் வந்தன. நம் ராக் பேண்டில் நீ டிரம்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்த மாதத்தோடு நாற்பது வருஷம், அதற்குப் பெரிய அரங்கு, எனக்கு முன் வரிசை நாற்காலி. சந்தோஷம். அதே வாரம் மகள் உன் பேட்டியைப் போனில் போட்டுக் காட்டினாள். டிரம்ஸும் அடித்துக்கொண்டு எப்படித்தான் பாடுகிறீர்களோ என்று பேட்டி எடுக்கிற பெண் வியக்கிறாள். நீ சிரிக்கிறாய். பல்லெல்லாம் புதுசு போலிருக்கிறது. அப்புறம், உங்கள் பேர்பெற்ற பாட்டில் வருகிற 'விளக்கு அணைத்தது' என்கிற வார்த்தையை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டாள். நீ தலையைச் சொறிந்துகொண்டு, அதுவா, மேடையில் தானாக வந்து விழுந்தது என்றாய்.

விழுந்தது வாஸ்தவம். யார் வாயிலிருந்து?

எனக்கு எழுத்தும் தெரியாது, மறதியும் தெரியாது. அந்தப் பாட்டை முதல்முதலாகப் பாடிய அன்றைக்கு வியாழக்கிழமை. அப்போது டிரம்ஸில் உட்கார்ந்து பாடியது நான். பழைய சைக்கிள் கம்பெனிக் கொட்டகை. மொத்தம் அறுபத்தோரு பேர், அதில் எட்டுப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நம் பேண்டு கிடார்காரன் வேனில் வரும்போதே புதுப் பாட்டை எழுதி ஒரே ஒரு தரம் எனக்குப் படித்துக் காட்டினான். வேன் சத்தம் வேறு. நீ போன பிறகு விளக்கு அணைந்தது என்று அவன் எழுதியிருந்தானாம். என் காதில் விழுந்தது அணைத்தது. விளக்கு எப்படி ஆளைக் கட்டி அணைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா செத்த வருஷம் அது. கரண்ட் இல்லாத வீட்டில் ஒரு சிம்னி விளக்கை ஒட்டித்தானே நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சரியாகத்தான் பட்டது.

அடித்துக்கொண்டே கண்ணை மூடிப் பாடினேன். கிடார்காரன் திரும்பி முறைத்தான். மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒரு அம்மாள் அழுதுவிட்டாள். இன்னொரு தரம் பாடச் சொன்னார்கள். முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, அண்ணே, உங்களுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் இந்தப் பாட்டு வீணாகிப் போயிருக்கும் என்றான். தம்பி, என் சிம்பல் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு நீ பக்கத்தில்தான் நின்றாய். போட்டிருந்தது என் கோடு போட்ட சட்டை.

இரண்டு மாதத்தில் எனக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம் என் இடத்தில் நீ உட்கார்ந்தாய். நான் எழுந்து வந்தபோது அதே கிடார்காரன் என் முகத்தைப் பார்க்காமல், தம்பியே இருக்கட்டுமே அண்ணே, காகிதத்தைப் பார்த்துப் பாடிவிடுகிறான், வேலை சீக்கிரம் ஆகிறது என்றான். நீ குனிந்து டிரம்ஸ் பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். வேண்டாம் என்று ஒரு வார்த்தை உன் வாயில் வரவில்லை. நானும் பெரிய மனுஷன் மாதிரி, இருக்கட்டும் இருக்கட்டும் என்றுவிட்டேன். அந்த 'இருக்கட்டும்' என்பதை இன்றைக்கும் மெல்லுகிறேன்.

பேண்டாக நீங்கள் எந்த ரெக்கார்டு கம்பெனி வாசலிலும் நிற்காமல் நீங்களே கேசட் போட்டு ஊர் ஊராகப் போனீர்கள். நான் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் கார் கதவுகளின் நசுங்கலைத் தட்டி எடுத்தேன். ரேடியோவில் உன் பாட்டு வந்தால் வேண்டுமென்றே தாளம் தப்பித் தட்டுவேன். அதில் இரண்டு கதவு பாழாயிற்று. உமக்குப் பாட்டே பிடிக்காதா ஐயா என்று மேஸ்திரி கேட்பார். பாடுகிறவன் என் தம்பி என்று கடைசிவரை நான் சொல்லவில்லை. சொன்னால் மேஸ்திரி உன்னைத்தானே புகழ்வார்.

அணைந்தது, அணைத்தது இரண்டையும் இவளை எழுதிக் காட்டச் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வேறாம். இத்துனூண்டு எழுத்துக்கா இத்தனை வருஷம் என்கிறாள்.

இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உங்களுக்கு என்னதான் வேண்டும், அதை முதலில் சொல்லித் தொலையுங்கள் என்கிறாள். அந்த வார்த்தை அண்ணனுடையது என்று மேடையில் சொல்லு, இதைக் கேட்கத்தான் கடிதத்தை ஆரம்பித்தேன். யோசித்துப் பார்த்தால் அது வேண்டாம். நீ சொல்வாய், ஜனங்கள் கைதட்டும், அந்தத் தட்டலும் உன் பெருந்தன்மைக்குத்தான் போகும். முன் வரிசையும் வேண்டாம். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் எழுந்து எனக்கு இடம் விடு. நான் அடித்துப் பாடுகிறேன். ஒரு வாரமாகச் சமையலறை டப்பாக்களில் தட்டிப் பார்க்கிறேன், கை இன்னும் ஓடுகிறது. மகள்தான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, வீட்டை இடிக்கிறீர்களாப்பா என்கிறாள்.

மாட்டேன் என்று மட்டும் எழுதாதே. அதை இவள்தான் எனக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும். தொண்டை கெடாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு, அந்த நாலு நிமிஷத்துக்கு மட்டும், உன் மணிக்கட்டு கொஞ்சம் வலிக்கட்டும்.

உன் அண்ணன்