டெரன்ஸ் சாருக்குப் பதில்

ஜூன் 15, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து, பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்புக்கான பெற்றோர் கூட்டம். பொறுப்பாளர் டெரன்ஸ் சார், என் மகள் ஜொவிட்டாவை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தினார்.

"வீட்ல தினமும் பைபிள் வாசிக்கிறியாம்மா?"

பத்து வயதுப் பிள்ளை, பொய் வரவில்லை. "அம்மாவுக்கு டைம் இல்ல அங்கிள்."

"சீரியல் பாக்க மட்டும் டைம் இருக்கும்."

கூடமே சிரித்தது. நான் சீரியலே பார்ப்பதில்லை. நந்தனத்தில் ஆபீஸ் முடித்து ராயப்பேட்டை வந்து உலை வைக்கும்போதே இருட்டிவிடுகிறது. அதைச் சொல்லியிருக்கலாம்.

வண்டியில் வரும்போது என் வீட்டுக்காரர் வில்லியம், "விடும்மா, அவரு எப்பவும் அப்டித்தான் பேசினு இருப்பாரு" என்றார்.

எப்படி விடறது? ஆகஸ்டில் விவிலிய வினாடி வினா. வருஷா வருஷம் அவர் மகன் ரோஷன்தான் ஜெயிக்கிறான். இந்த வருஷம் பார்க்கலாம்.

ஜூன் 16, திங்கள்
விடியும் முன்பே ஜொவிட்டாவை எழுப்பினேன். திறந்த பைபிள் மேலேயே தூங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடி உட்கார வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்
இன்றும் வாசித்தாள். அவள் வாசிக்க வாசிக்க, டெரன்ஸ் சார் முகம் சுருங்குவதை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்
யோசேப்பு கதை. பாதியில் நிறுத்திவிட்டு, "குழியில தள்ளுன அண்ணனுங்களை அவரு ஏம்மா திருப்பி அடிக்கல?" என்றாள்.

"அதெல்லாம் கேள்வியில வராது. அண்ணன் தம்பி பன்னெண்டு பேர் பேரையும் வரிசையா சொல்லு."

சொன்னாள். இரண்டு பெயரை மாற்றினாள். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.

"பைபிள் படிக்கிற வீடு மாதிரியா கீது இது?" என்றார் வில்லியம். அவருக்கென்ன, கூட்டத்தில் கூனிக் குறுகி நின்றது நான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
ஜெயித்துவிட்டாள். கடைசிக் கேள்வியில் ரோஷன் திணறினான். என் பெண் பட்டென்று சொன்னாள்.

டெரன்ஸ் சாரே வந்து அவள் தலையில் கை வைத்து, "ரொம்ப நல்லா பண்ணம்மா" என்றார். அவர் பாராட்டு யாருக்கு வேண்டும்? இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

"எங்க வீட்ல டைம் கெடச்சிடுச்சு சார். பாவம், உங்க பையனுக்குச் சொல்லித்தரத்தான் வீட்ல ஆள் இல்ல போல."

ரோஷன் அப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

வீடு வரும்வரை ஜொவிட்டா பரிசுக் கோப்பையை என் மடியிலிருந்து எடுக்கவே இல்லை. "ரோஷன் அழுதான்மா" என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, திங்கள்
எழுப்பினேன். "போட்டிதான் முடிஞ்சிடுச்சேம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
கெஞ்சிப் பார்த்தேன். மிரட்டியும் பார்த்தேன். தொட மாட்டேன் என்கிறாள். வேறென்ன செய்ய?

செப்டம்பர் 6, சனி
காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். உள் அறையில் ஜொவிட்டாவின் குரல். வாசிக்கிறாள்! வில்லியம் தப்பும் தவறுமாகக் கூடவே வாசிக்கிறார். நடுவில் அவள் ஏதோ கேட்க, "எனுக்குத் தெரியலியேம்மா, மேல படி, பாப்போம்" என்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

கதவைத் தள்ளினேன். என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

"பன்னெண்டு பேரும் ஞாபகம் இருக்கும்மா. சொல்லட்டா?"

"வேணாம். வெண்டைக்காய் நறுக்கணும்" என்று சமையலறைக்கு வந்துவிட்டேன். கத்திச் சத்தம் அறைக்குள் கேட்காதபடி நறுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி வாசிக்க ஆரம்பித்தாள்.