பதினொரு கேப்சூல்

நைனாவுக்கு,

2025 நவம்பர் 12, காலை 9.40. செஞ்சி பஜாரில் நம் பாத்திரக்கடைக் கல்லாவில் இருந்த டப்பாவைத் திறந்து எண்ணினேன். உன் மூட்டுவலிக்கு, நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்த முப்பது கேப்சூலில் பத்தொன்பது மீதம்.

கொடுத்த அன்றே “டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்டா” என்றாய். “மஞ்சள் சத்துதான் நைனா, குழம்புல போடுறதில்லையா? நானோன்னா அவருக்கு இன்னா தெரியும்?” என்று எரிந்து விழுந்தேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ‘என் பையன் செஞ்ச மருந்து’ என்று காட்டினாயாம்.

குழம்பு மஞ்சள் ரத்தத்தில் அதிகம் சேராது. சேர வேண்டும் என்றுதான் அதை நானோ துகளாக்குகிறோம். நீயோ இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாய். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து என்று படித்தவன் நான். உன் மருந்துச்சீட்டை வாங்கிப் பார்க்கத்தான் பொறுமையில்லை.

நேற்று மூக்கில் ரத்தம் நிற்காமல் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். “வேற மருந்து ஏதாச்சும் சாப்டீங்களா?” என்று டாக்டர் கேட்டார். என் வேலை போய்விடும் என்று பயந்து, “ஒண்ணும் இல்ல சார்” என்றாய். நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, டப்பாவோடு நேராக டாக்டரிடம் போவேன்.
2. கேப்சூலை எடுத்ததை ஆய்வுக்கூடத்துக்கு நானே எழுதிக் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும்.
3. எனக்காக நீ மறுபடி மறைத்தால், உன் முன்னாலேயே “நைனா பொய் சொல்றாரு சார்” என்பேன்.

உன் மகன்