கதை எண்டால் புனைகதை இல்லை, மச்சாள்

என் அன்பு மச்சாள் யசிந்தா,

நீ இருக்கிற இடத்தில் கம்பியூட்டர் கிடையாது என்று நம்புகிறேன். இருந்திருந்தால் எங்கள் நூலகப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, இந்நேரம் என்னைத் தேடி இறங்கி வந்திருப்பாய். உன் அம்மாவைப் புனைகதைப் பகுதியில் போட்டு வைத்திருந்தோம். பகிடி இல்லை. ராசா ராணிக் கதைகளுக்கும் பேய்க் கதைகளுக்கும் நடுவில்.

கோபப்படுமுன் முழுவதையும் கேள். இதில் உன் பங்கும் கொஞ்சம் உண்டு.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மா, என் மாமி, போன மாரியில் விழுந்துவிட்டா. வலது பக்கம் இழுத்துவிட்டது. கையும் காலும் மெல்ல மெல்ல வருகின்றன, கதை மட்டும் வரவில்லை, வாயில் ஒரு சொல் எழாது. எல்லாம் விளங்குகிறது. பூசைக்குப் போகிற நாள் தெரியும், நான் சொதிக்கு உப்புப் போட மறந்ததும் தெரியும், அதை முகத்தாலேயே சொல்லிவிடுவா. அவா வாயைத் திறந்தால் கரை முழுக்கக் கேட்கும் என்று நீதானே நக்கலடிப்பாய்? இப்போது வீடு அமைதியாகக் கிடக்கிறது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவேயில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் கரைவலை இழுக்கிற கரைத்துண்டுக்கு, எங்கள் பாட்டுக்கு, விசாரணை வந்தது. எங்கள் பாடும் சூசை அண்ணையின் பாடும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது உனக்குத் தெரியும். யார் எந்தத் துண்டுக் கரையில் வலை இழுப்பது என்று முன்பு ஒருவரும் கேட்டதில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எல்லை காட்டிய மரம் ஒன்றுகூட இல்லை. பழைய கிணற்றடி எங்களுடையது என்று உன் அண்ணன் அன்ரன் சொல்கிறார். இல்லை, தங்களுடையது என்று சூசை அண்ணையின் மருமகன் ரொபேட் சொல்கிறான். கிணற்றடி போனால் எங்கள் வலையை விரிக்க இடமில்லை மச்சாள். அன்ரன் கூலிக்கு வேறு யாருடைய வலையையாவது இழுக்கத்தான் வேண்டும்.

எல்லை தெரிந்த ஆள் மாமி. மாமிக்குக் கதை இல்லை. அப்போதுதான் அன்ரனுக்கு உன் ஒலிப்பதிவு நினைவுக்கு வந்தது.

நீயும் நானும் நூலகத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பதிந்தோமே, அதேதான். மாமியைக் கதிரையில் இருத்தி, பாடு, வலை, வாடி எல்லாவற்றையும் நீ கேட்கக் கேட்க அவா சொன்ன பதிவு. அதன் பிரதியைக் கொண்டுபோய் விசாரணையில் கொடுத்தோம். ரொபேட் எழும்பினான். கையில் போன். "ஐயா, உது கட்டுக்கதை. நான் சொல்லேல்லை, இவையின்ர லைப்ரரியே சொல்லுது. பாருங்கோவன்" என்றான்.

அதிகாரி வாங்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தலைப்பு, திரேசம்மாவின் கதை. பொருள், புனைகதை. அதற்குக் கீழே இன்னொன்று, பாடல்கள்.

அதிகாரி நல்ல மனிசன். "தங்கச்சி, நூலகமே கதை எண்டு போட்டிருந்தால் நான் எப்படிச் சாட்சியா எடுக்கிறது? அடுத்த தவணைக்குத் தெளிவுபடுத்திக்கொண்டு வாங்கோ" என்றார். மாமி ஓட்டோவுக்குள் காத்திருந்தா. என்ன நடந்தது என்று கண்ணால் கேட்டா. "வீட்டை போவம் மாமி" என்று மட்டும் சொன்னேன்.

நடந்தது இதுதான். நீ போனபிறகு எங்கள் பட்டியல் கம்பியூட்டருக்கு மாறியது. கம்பஸிலிருந்து சாருமதி என்றொரு ஆராய்ச்சிக்காரப் பிள்ளை வந்தா. ஒரு நூலோ ஒலிப்பதிவோ எதைப் பற்றியது என்று நாங்கள் யோசித்து யோசித்துப் பொருள் தலைப்புப் போடுவோமே, அதை இயந்திரமே வாசித்துப் போடுமா என்பதுதான் அவாவின் ஆய்வு. இயந்திரம் நன்றாகத்தான் செய்தது. வேளாண்மைக்கு வேளாண்மை, சமையலுக்குச் சமையல். உன் பதிவுகளில்தான் இடறி விழுந்தது. நீ எல்லாவற்றுக்கும் இன்னாரின் கதை, இன்னாரின் கதை என்றுதானே தலைப்பு வைத்தாய்? உள்ளே மாமி, "எங்கட பாட்டில வலை வைச்சனாங்கள்" என்று சொல்லியிருக்கிறா. இயந்திரம் கதை என்றதும் புனைகதை என்றது, பாட்டு என்றதும் பாடல் என்றது. அது படித்த தமிழ் முழுக்க வேறு இடத்துத் தமிழ்.

அந்த இயந்திரத்தை என்னால் திட்ட முடியவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். முரசுமோட்டையில் நான் பிறந்த வீட்டில் மலைநாட்டுத் தமிழ்தான். கதை என்றால் அம்மா சொல்கிற கதை. கலியாணமாகி வந்த புதிதில், "அவரோட கொஞ்சம் பேசிட்டு வாறேன் மாமி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனேன். மாமி பதறிப்போய்ப் பின்னால் வந்துவிட்டா. உங்கள் கரையில் பேசுகிறது என்றால் ஏசுகிறது என்று யாருக்குத் தெரியும்? நீ குசினிக்குள் அடுப்படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாய். "பேசாதை, கதை" என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணன் தொடங்கினார்.

"உன்ர கைக்குள்ளதானே கிடக்கு. போய் மாத்து."

"மாமியின்ர பதிவை மட்டுமோ?"

"பின்ன? ஊருக்கெல்லாம் மாத்தச் சொல்லி ஆர் கேட்டது?"

மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் யார், எந்த நாள், எதை மாற்றினார் என்று பட்டியல் தானே குறித்து வைக்கும். திரேசம்மாவின் மருமகள், விசாரணைக்கு இடையில், திரேசம்மாவின் பதிவை மட்டும் மாற்றினாள். ரொபேட்டுக்கு வேறென்ன வேண்டும்? அதை விடு, நானே வேறொரு நூலகத்தில் இருந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பேன்?

சாருமதிக்குச் சொன்னபோது அந்தப் பிள்ளை மறைக்கவில்லை. "அக்கா, இது என்ர இயந்திரத்தின்ர பிழை. நான் எழுத்தில தாறன். ஆனா ஒண்டை மட்டும் மாத்தினா அது திருத்தம் இல்லை, தயவு. மாத்தினா எல்லாத்தையும் மாத்துங்கோ" என்றா. சின்னச் சமூகங்களின் பேச்சை இயந்திரங்கள் இப்படித்தான் பிழையாகப் பிரிக்கின்றன என்று உலகமெங்கும் இப்போது ஆராய்கிறார்களாம். எனக்கு உலகம் இருக்கட்டும், என் வீட்டுக் கதிரையில் இருக்கிற மனுசிதான் எனக்குப் பெரிசு.

எல்லாவற்றையும் மாற்றுவது என்றால் சூசை அண்ணையின் கதையையும் மாற்ற வேண்டும். அதுவும் உன் பதிவுதான். அதுவும் புனைகதைக்குள்தான் கிடந்தது, ரொபேட் கவனிக்கவில்லை. அதில் அவர் என்ன சொல்கிறார் தெரியுமோ? தன் அப்பா கிணற்றடிக்கு இங்காலும், எங்கள் பக்கத்திலும், வலை இழுத்தவர் என்கிறார். நீதான் கேட்டிருக்கிறாய், "எவ்வளவு தூரம் அண்ணை?" என்று. ஏன் மச்சாள் அதைக் கேட்டாய்?

அன்ரனுக்கு இதைச் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அந்தாளின்ரயும் சாட்சியா எடுபட்டால் எங்களுக்கு என்ன மிச்சம்? நீ இந்த வீட்டு ஆளோ, இல்லாட்டி லைப்ரரி ஆளோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு கதையில்லை. மாமி கதிரையில் இருந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தா. அவாவுக்காகச் சண்டை போடுகிறோம், அவாவிடம் கேட்க வழியில்லை. குசினிக்குள் போய் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது?

உன்னிடம் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? அண்ணன் பக்கம் நின்றிருப்பாயோ? உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

மாற்றுமுன் சூசை அண்ணைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். களவாகச் செய்தது போல் இருக்கக்கூடாது. கரையில் அவர்களுடைய வாடிக் கொட்டிலுக்குப் போனபோது கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், பக்கத்தில் ரொபேட். "என்ன, சமாதானத்துக்கு வாறியளோ?" என்றான் அவன். நான் அவனைப் பார்க்காமல் அவருக்கு விளக்கினேன்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "நில்லு பிள்ளை. என்ர கதையும் அதுக்குள்ளயோ கிடக்கு?"

"ஓம் அண்ணை."

"நான் சொன்னதும் கட்டுக்கதை எண்டோ?"

"ஓம்."

ரொபேட்டைத் திரும்பிப் பார்த்தார். "விசாரணையில நிண்டு துள்ளினியே, உன்ர மாமனையும் பொய்யன் எண்டு போட்டிருக்கு, அது உனக்குத் தெரியேல்லையோ?" என்று பேசினார். பேசினார் என்றால் எங்கள் வீட்டுப் பேச்சு இல்லை, உங்கள் கரைப் பேச்சு. பிறகு என்னிடம் சொன்னார், "மாத்து பிள்ளை. அவளின்ரயையும் மாத்து, என்ரயையும் மாத்து. ரெண்டும் பொருந்தாட்டி விசாரிக்கிறவர் விசாரிக்கட்டும்."

எங்கள் பெரிய நூலகர் ஒப்புதல் தந்தார். உன் பதிவுகள் அத்தனையும் ஒரே நாளில் வாய்மொழி வரலாறு என்ற தலைப்புக்குப் போயின. பேச்சு என்று போடலாம் என்று சாருமதி முதலில் சொன்னா. ஐயோ வேண்டாம், கரையில் எல்லாரும் ஏச்சு வாங்கின பதிவு என்று நினைப்பார்கள் என்றேன். பட்டியலின் விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தோம்: இந்தத் தொகுப்பில் கதை என்பது உரையாடலைக் குறிக்கும். காரணத்தையும் எழுதி, கீழே என் பெயரையும், நான் யாருக்கு மருமகள் என்பதையும் எழுதினேன்.

தவணை நாளில் மாமியை உள்ளே கூட்டிப்போனோம். அன்ரன் ஒரு பக்கம் பிடித்தார், நான் மறுபக்கம். அப்போதும் அவர் என்னோடு கதைக்கவில்லை. அதிகாரி கடிதங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பதிவைப் போடச் சொன்னார்.

முதலில் வந்தது உன் குரல். "அம்மா, வெக்கப்படாமல் கதையுங்கோ."

நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ தரம் கேட்ட பதிவுதானே? ஆனால் அந்த அறைக்குள், எல்லாருக்கும் முன்னால், நீ திடீரென்று வந்து நிற்பாய் என்று நினைக்கவேயில்லை. அன்ரன் நிலத்தைப் பார்த்தார். பிறகு மாமியின் குரல், பழைய குரல், கரை முழுக்கக் கேட்கிற குரல்: "கிணத்தடிக்கு அங்கால சூசையின்ர ஆக்கள், இங்கால நாங்கள். கிணத்தடியில ரெண்டு பகுதியும் தண்ணி அள்ளினனாங்கள்."

பதிவு முடிந்ததும் அதிகாரி மாமிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "அம்மா, இது உங்கட குரல்தானோ? ஓம் எண்டால் தலையை ஆட்டினாலே காணும்."

மாமி ஆட்டவில்லை. அந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தா. கண்ணீர் கழுத்தில் இறங்கியது. அவர் திரும்பவும் கேட்டார். அவாவுக்குக் கேள்வி காதில் விழவேயில்லை மச்சாள், நீ இன்னும் ஏதாவது கதைப்பாய் என்று காத்துக்கொண்டிருந்தா. "நான் சொல்லலாமோ ஐயா?" என்றேன். "நீங்கள் மருமகள். நீங்கள் சொல்ல ஏலாது" என்றார். அன்ரனும் சொல்ல ஏலாது. மாமி தலையாட்டாவிட்டால் அந்தப் பதிவு யாருடையதும் இல்லை. அதிகாரி பேனாவை மூடப்போனார்.

பின் வரிசையில் கதிரை இழுபட்டது. ரொபேட் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, சூசை அண்ணை எழும்பி நின்றார்.

"ஐயா, அது திரேசம்மாதான். சின்ன வயசில இருந்து கேட்ட சத்தம், நான் சொல்லுறன் எழுதுங்கோ. மற்றது அவளின்ர மகள் யசிந்தா. செத்துப்போச்சு. நல்ல பிள்ளை. என்னோடயும் கதைச்சது."

அதிகாரி எழுதினார். முடிவு இன்னும் வரவில்லை, கிணற்றடி யாருக்கு என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அன்ரன் சூசை அண்ணையின் கையைப் பிடித்தார். பிறகு என்னிடம், "வா, போவம்" என்றார்.

ஒரு விஷயத்தை நானும் தவறவிட்டிருக்கிறேன், இயந்திரமும் தவறவிட்டிருக்கிறது. அந்தப் பதிவுகளில் கதைத்தவர் பெயர் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. கேட்டவள் பெயர் எங்குமே இல்லை. எதிர்ப்பக்கத்து மனிதர் எழும்பி நின்று சொன்ன பெயர், உன் சொந்த நூலகத்தில் தேடினால் கிடைக்காது. திங்கட்கிழமை முதல் வேலையாக அதைச் சேர்க்கிறேன். கேள்வி கேட்டவள் என்றில்லை, கதைத்தவள் என்றே போடுவேன். உன் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில், சூசை அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில், நீ யார் வாசலில் எல்லாம் போய் இருந்தாயோ அவர்கள் எல்லாருடைய பெயருக்கும் பக்கத்தில். இது வாக்கு.

உன்னோடு கதைத்துத் தீராத,
உன் அண்ணன் பெண்சாதி,
மச்சாள் செல்வி