நான் குளிப்பாட்டிய தண்ணீர் லாரி

ஒரு அடிக்குள் ஐம்பது அடி லாரியை அடக்கிய மகா அதிபரும், என் ஒரே தங்கை ஜெயந்தியின் கணவரும், என் ஆருயிர் மாப்பிள்ளையுமான சங்கருக்கு,

மச்சான் எழுதுகிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையைத் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஒரு ஜீவனும் நம்பாது என்று நெஞ்சில் கை வைத்து உறுதி கூறுகிறேன். நீங்களும் நம்ப வேண்டாம். கேட்டால் போதும்.

முதலில் ஊர் நிலவரம். நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. முடிச்சூர் சாலையை இன்னும் தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள், எதையோ உள்ளே விட்டுவிட்டது போல மறுபடி தோண்டுகிறார்கள். பொக்லைன்கள் வரிசையாக நிற்கின்றன. பார்க்கும்போதெல்லாம், ஐயோ, இதைப் பார்க்க ஆள் இல்லையே என்று தோன்றுகிறது. உங்கள் மகள் மீரா பெங்களூரிலிருந்து ஞாயிறு தவறாமல் பேசுகிறாள். ஜெயந்தி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னைத் திட்டுகிறாள். நலம்தான்.

உங்கள் நாற்பத்திரண்டு வண்டிகளும் கண்ணாடி அலமாரியில் நிறுத்திய இடத்திலேயே நிற்கின்றன. ஊரில் நான் நானூறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது உங்களிடம் கேட்டால் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனிதர் நீங்கள். இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருடம் நாற்காலியை விட்டு எழாமல் வேலை பார்த்தவர். ஆனால் டிப்பர், கிரேன், ரோடு ரோலர், சிமெண்ட் கலவை வண்டி என்று எதை எடுத்தாலும் அதன் பின் அச்சில் எத்தனை சக்கரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். வெள்ளம் வந்த வருடம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பரணுக்கு முதலில் ஏறியது பதினாறு சக்கர டிரெய்லர். ஜெயந்தியின் பட்டுப்புடவைகள் ஏறியது அதற்கப்புறம்தான். அன்றைக்கு அவள் உங்களைப் பார்த்த பார்வையிலேயே பாதி வெள்ளம் வற்றிவிட்டது.

உங்கள் மேதைமை வண்டி வாங்குவதில் இல்லை மாப்பிள்ளை. அதைப் பாழாக்குவதில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து பளபளவென்று பெட்டியில் வரும் பொம்மை லாரியைப் பிரித்து, பெயிண்டைச் சுரண்டி, நம்ம ஊர் லாரியாக மறுபிறவி எடுக்க வைப்பீர்கள். பம்பரில் கடுகளவு எலுமிச்சை, அதற்குக் கீழே மிளகாய். அப்புறம் அழுக்கு. முடிச்சூர் மனையில் செம்மண், கல்குவாரிப் பக்கம் சாம்பல் தூசு, பள்ளிக்கரணை ஓரத்துக் கறுப்புச் சேறு, எல்லாம் தனித்தனி டப்பாவில். டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீரில் கரைத்த பசையால் தூரிகை நுனியில் ஒற்றி ஒற்றி வைப்பீர்கள்.

"மேலே வார்னிஷ் அடிச்சா கெட்டியா நிக்குமே மாப்ளே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வார்னிஷ் அடிச்சா அழுக்கு செத்துரும் மச்சான்" என்றீர்கள். நான் சிரித்தேன். சிரித்ததற்கு இப்போது அனுபவிக்கிறேன்.

உங்கள் மாடல் நண்பர்கள் வருடா வருடம் சேலையூர் பள்ளி ஹாலில் கண்காட்சி வைப்பார்களே. வருடா வருடம் கேட்பார்கள். நீங்களும், "இன்னும் சரியா வரலைங்க" என்று தட்டிக் கழிப்பீர்கள். இந்த வருடம் ஜெயந்தியிடம் கேட்டார்கள். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்து, ஒரே ஒரு வண்டிக்குச் சம்மதித்தாள். நம் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சேகரின் லாரி. பழைய வாசனை ஸ்பிரே டப்பாவை டேங்காக வெட்டி, இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தீர்களே, அது. உங்கள் வண்டி ஊர் முன்னால் நிற்கப்போவது அதுதான் முதல் தடவை.

கண்காட்சிக்கு முந்தைய நாள் காலை, மாப்பிள்ளைக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம் பிறந்தது. வண்டியைப் பார்த்தேன். எட்டு மாதத் தூசு என்று நினைத்தேன். வெந்நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய டூத் பிரஷ். கல்யாண மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி செய்தேன். லாரி ஷோரூமிலிருந்து அப்போதுதான் வந்தது போல மின்னியது. நான் பெருமையோடு வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெயந்தி காபியோடு வந்தாள். நின்றாள்.

"அண்ணா... என்ன பண்ணி வச்சிருக்கே?"

"அழுக்கா இருந்துச்சும்மா. கழுவிட்டேன்."

"அழுக்கு இல்லண்ணா. அதுதான் அவரு ரெண்டு வருஷமா செஞ்சாரு."

கத்தியிருந்தால் பரவாயில்லை மாப்பிள்ளை. மெதுவாகச் சொன்னாள். இரண்டு வருட வேலையை இரண்டு நிமிடத்தில் சாக்கடைக்கு அனுப்பிய மகா பாவி உங்கள் மச்சான். போதாததற்கு, டேங்கின் பின்பக்கம் கீழே ஒரு நசுங்கல் என் கண்ணில் பட்டது. பிரஷ் போட்டு அழுத்தியதில் நான்தான் நசுக்கிவிட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கண்காட்சிக்காரர்களுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்றேன். ஜெயந்தி காபியை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, நான் வரவழைத்தது போல, தெருமுனையில் ஹாரன். சேகரின் நிஜ லாரி.

"வாண்ணா" என்று எழுந்துவிட்டாள்.

நாங்கள் இருவரும் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அவள் குனிந்து சக்கர மூடியைப் பார்த்தாள். நான் போட்டோ எடுத்தேன். சேகர் பீடியை எறிந்துவிட்டு ஓடி வந்தார்.

"இன்னாமா, வண்டிய இப்டி பாக்குறீங்க? கழுவலன்னு ஓனருக்கு போன் போடப் போறீங்களா? ரெண்டு நிமிசம் இருங்க, பைப்பு அடிச்சு கழுவிடறேன்."

"கழுவாதீங்க!" என்று இரண்டு பேரும் கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

விஷயத்தைச் சொன்னோம். சேகர் தலையைச் சொறிந்தார். "அழுக்குதானமா? வோணும்ற வரைக்கும் எடுத்துக்கோ. ஸ்டாக்கு நெறைய கீது."

நிஜ லாரியின் மண்ணையே ஸ்பூனால் சுரண்டி எடுத்து வந்தோம். அன்று சாயந்தரம் வரை ஜெயந்தி உட்கார்ந்து சலித்தாள், கரைத்தாள், ஒற்றினாள். டேங்கின் நசுங்கிய மூலையை விரலால் மறைத்தபடி நான் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். எந்தத் தூசு முதலில், எது அப்புறம், கதவுக்குக் கீழே எவ்வளவு என்று அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது மாப்பிள்ளை. வீடெல்லாம் மண் என்று முப்பது வருடம் உங்களைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் பார்த்து வைத்திருக்கிறாள். இது உங்களுக்குத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை. வரிசை சேலையூரில் தொடங்கி மேடவாக்கம் தாண்டி நின்றது. வண்டலூரிலிருந்து வெள்ளைப்புலி ஒன்று விடுப்பு எடுத்து வந்திருந்தது. சிறப்பு விருந்தினர் உங்கள் லாரியைப் பார்த்து, தண்ணீர் பிடிக்கக் குடம் கேட்டார். நான் மட்டும் நசுங்கிய பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வியர்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மதியம் சேகர் வந்தார், காக்கிச் சட்டையோடு, நேராக டிரிப் முடித்து. கும்பிடு போட்டுவிட்டு மேஜையைச் சுற்றிச் சுவர்ப் பக்கம் போய்விட்டார். நான் மறைப்பதற்குள் குனிந்துவிட்டார்.

"ஐயய்யோ. இத்த யாரு சொன்னது சாருக்கு?"

"எத?" என்றாள் ஜெயந்தி.

"இந்த நசுங்கல்தாம்மா. ரிவர்ஸ் எடுக்கறப்போ ஒரு கேட்ல இடிச்சுகினேன். மண்ணு பூசி மறைச்சு வெச்சிருக்கேன். ஓனருக்கே தெரியாது. சாருக்கு எப்டி தெரியும்?"

எனக்கும் அதே கேள்விதான். எப்போது பார்த்தீர்கள்? மழை மண்ணைக் கழுவிய ஏதோ ஒரு நாளிலா? பார்த்துவிட்டு, அதே நசுங்கலைப் போட்டு, அதே போல மண் பூசி மறைத்தும் வைத்தீர்களா? யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தேவா?

ஜெயந்தி லாரியைக் கையில் எடுத்தாள். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "சரியா வரலை, சரியா வரலைன்னே சொல்லிட்டிருந்தாரு" என்றாள். பிறகு நசுங்கல் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தாள்.

"ஓனர் வருவாராம்மா?" என்று சேகர் கேட்டார். அப்போதுதான் அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை.

இனி உங்களுக்கு என் வாக்கு. சேகரின் லாரியில் புதிதாக எந்தக் கீறல் விழுந்தாலும் வாசலில் நின்று வேவு பார்த்து ஜெயந்தியிடம் சொல்வேன். அவள் அதை உங்கள் வண்டியில் போடுவாள். நான் பக்கத்தில் நிற்பேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

மேடவாக்கம் வரை வரிசை நின்றது பொய். மொத்தம் அறுபது பேர் வந்திருந்தால் அதிகம். புலியும் வரவில்லை, யாரும் குடம் கேட்கவும் இல்லை. அந்த நசுங்கல் மட்டும் நிஜம் மாப்பிள்ளை. நானும் தொட்டுப் பார்த்தேன்.

இப்படிக்கு,
சோப்பைத் தொடுவதில்லை என்று சபதம் செய்துள்ள,
உங்கள் மச்சான்