தறப்பாளும் முந்நூற்றிநாலும்

மே 6, செவ்வாய்

எனக்கு நடந்த அநியாயம் இது: சட்டத்தைச் சொன்னேன், சீட்டாட்டத்திலிருந்து தள்ளிவிட்டார்கள்.

ஒடாஹுஹுவில் கௌரியின் பலசரக்குக் கடை. அதன் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, நாங்கள் நாலு பேரும் பின்னேரங்களில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடுவோம். மகேசன், அரியரத்தினம், ஆட்டத்தில் என் ஜோடி யசீகரன் — மூன்று பேரும் புகைபோக்கிகள். இருமுவது நான் ஒருவன்தான். பின்னறையும் கடைதான். கடை என்றால் வேலையிடம். வேலையிடத்துக்குள் புகைக்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். நூலகத்தில் நானே வாசித்துப் பிடித்தேன். கௌரி பயந்துபோய் அறிவிப்பு ஒட்டிவிட்டாள்.

மூவரும் மேசையைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போய்விட்டார்கள். என் கதிரையை மட்டும் விட்டுவிட்டு!

“சட்டத்தரணி ஐயா உள்ளுக்க இருந்து நல்ல காத்து வாங்கட்டும்” — மகேசன்.

மே 7

இருமல் இல்லை. ஆட்டமும் இல்லை.

மே 9, வெள்ளி

நாலாவது ஆளைப் பிடித்துவிட்டார்கள். பக்கத்து டயர் கடை தேவ் நாராயண், ஃபிஜிக்காரன். முதல் சுற்றிலேயே துரும்பை எறிகிறான். அதற்குச் சிரிக்கிறார்கள்! நான் ஒருதரம் பிழையாக இறக்கியதற்கு யசீகரன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

கௌரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். “தனிய இருக்க ஐயாவுக்குக் குளிரேல்லையோ?”

இல்லை என்றேன். குளிர்ந்தது.

மே 13, செவ்வாய்

மழை. முற்றத்தில் தறப்பாள் கட்டிவிட்டார்கள். மேலே கூரை, ஒரு பக்கம் கடைச்சுவர், இரண்டு பக்கம் உயர்ந்த வேலி. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இப்படி அடைத்தால் அதுவும் உள்ளறைதானே?

கத்தரிக்கோலோடு போனேன்.

“அண்ணை, நனைஞ்சுபோவம்!” — அரியரத்தினம்.

“சட்டம் நனையாது.”

கயிற்றை அறுத்தேன். மேலே தேங்கிக்கிடந்த தண்ணி முழுக்கத் தேவ் நாராயண் தலையில். “அங்கிள், யூ ஆர் மேட்!” என்று கத்திவிட்டு டயர் கடைக்கே போய்விட்டான்.

மே 14

நாலாவது ஆள் இல்லை. மூவரும் வேலியோரம் நின்று சீட்டைக் கலைக்கிறார்கள், அடுக்குகிறார்கள், திரும்பக் கலைக்கிறார்கள். யன்னலால் என்னைப் பார்க்கிறார்கள். நான் பருப்பு மூட்டையைப் பார்த்தேன். கூப்பிடட்டுமே! நானாகப் போவேனா? நான் ஏன் போகவேணும்? ஒருத்தனாவது வாயைத் திறக்கிறானா பார்...

மே 16, வெள்ளி

இன்றும் மழை. யசீகரன் கதவடியில் வந்து நின்றான். வாயில் பற்றவைக்காத சிகரெட்.

“கூரையை அறுத்தது நீங்கள். மழைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. வாறியளோ, இல்லையோ?”

“குடையோட வாறன்” என்றேன். குடைக்குச் சுவர் கிடையாது, அது உள்ளறை ஆகாது. இதற்கு நூலகம் போகத் தேவையில்லை.

நாளையிலிருந்து: மகேசன் காத்து போகிற பக்கம்தான் இருக்க வேண்டும். அரியரத்தினம் கௌரியின் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் சாம்பல் தட்டக் கூடாது. யசீகரன் தேவ் நாராயணிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், என் சார்பில். கௌரி ஒரு பெரிய குடையாகப் பார்த்து எடுத்துவைக்க வேண்டும். அதை நாலு பேருக்கும் நான் பிடிக்க வேண்டும். இடக்கையால். வலக்கையில் சீட்டு.