விட்டுப்போன சதுர அடி

மார்ச் 4, திங்கள்
புகை கழுவும் கோபுரத்தில் தண்ணீர் விழும் சத்தமே இல்லை. புது பம்பு, சத்தம் வராது என்று பொறியாளர் அக்டோபரிலேயே சொல்லிவிட்டார். சரி. முலாம் பூசும் கூடத்தில் அமிலப் புகை மூக்கைப் பிடுங்குகிறதே, அதுவும் புது பம்பாலா? அங்கே வேலை பார்க்கிற என் தங்கச்சி இன்றும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு இருமினாள்.

மார்ச் 5, செவ்வாய்
கூடத்துப் புகையை விசிறி இழுத்து என் கோபுரத்துக்கு அனுப்பும். மேலிருந்து கொட்டும் தண்ணீர் அமிலத்தைக் கழுவும். கழுவிய காற்றில் பாதி மறுபடி கூடத்துக்கே போகும். ஒன்பது வருடமாக நான் பார்க்கிற வேலை இதுதான்.

இன்று பழைய கையேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சதுர அடிக்கும் மணிக்கு இரண்டாயிரம் பவுண்டு தண்ணீர் விழ வேண்டும். அக்டோபரில் வந்த புது பேனல் சதுர மீட்டருக்கு நொடிக்கு எத்தனை கிலோ என்று கேட்கிறது. அதில் 0.25 என்று வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டாயிரம் பவுண்டு, 907 கிலோ. நொடிக்கு மாற்ற 3600-ஆல் வகுத்தால் 0.25. அவர்கள் எண்ணேதான்!

பவுண்டு கிலோவாகிவிட்டது. மணி நொடியாகிவிட்டது. சதுர அடி? அது அப்படியே இருக்கிறது, பெயரை மட்டும் மீட்டர் என்று மாற்றிவிட்டார்கள். ஒரு சதுர மீட்டருக்குள் பத்தே முக்கால் சதுர அடி அடங்கும். ஒவ்வொன்றுக்கும் அதன் பங்கு தண்ணீர் வேண்டாமா? 2.71 வர வேண்டும். நாம் விடுவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஐந்து மாதம். தினமும் நோட்டில் 0.25 என்று எழுதி, பக்கத்தில் ‘சரி’ போட்டுக் கையெழுத்திட்டவள் நான். எண் சின்னதாகத் தெரிந்தபோது ஏன் கேட்கவில்லை? ஏன்டி கேக்கல?

மார்ச் 8, வெள்ளி
பொறியாளரிடம் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். மணி கேட்டால்கூட நாலு தசமத்துக்குச் சொல்வார்.

“கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா. நீங்க போய் வால்வைப் பாருங்க.”

“கம்ப்யூட்டருக்கு அடி எது, மீட்டர் எதுன்னு சொன்னது யாரு சார்?”

“வால்வு திருப்புறவங்கல்லாம் பாடம் எடுக்க வந்துட்டாங்க!”

எடுக்கத்தான் போகிறேன்.

மார்ச் 11, திங்கள்
எடுத்தேன். மதிய இடைவேளையில் பேனலுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர்ச் சதுரம் போட்டேன். உள்ளே அடிக் கட்டங்கள். ஒன்பது முழுசாக வந்தது. ஓரத்துத் துண்டுகளைச் சேர்த்தால் இன்னும் ஒன்றே முக்கால். முலாம் கூடத்து ஆட்கள் இருபது பேர் சுற்றி நின்றார்கள்.

“சின்னக் கட்டத்துக்கு ஒரு வாளி தண்ணின்னு வெச்சுக்குங்க. இந்தப் பெரிய கட்டம் முழுக்க நனைய எத்தனை வாளி?”

“பத்தே முக்கால்!”

“இப்ப ஊத்துறது ஒண்ணுதான்.”

தசமம் ஓடி வந்து ஷூவால் தேய்த்தார். அவர் போனதும் மறுபடி வரைந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்
காலையில் பேனலில் 2.71. யார் மாற்றியது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோபுரம் அடைமழை மாதிரி கொட்டுகிறது.

மார்ச் 15, வெள்ளி
மேலாளர் கூப்பிட்டார். மேசையில் புத்தம் புது நோட்டு. அக்டோபரிலிருந்து எல்லாப் பக்கத்தையும் 2.71 என்று திரும்ப எழுத வேண்டுமாம்.

“புதன்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாங்க. பழைய நோட்டுல இருக்கறது உங்க கையெழுத்துதானேம்மா? மாட்டினா முதல்ல நீங்கதான்.”

உண்மைதான்.

வீட்டில் தங்கச்சியும் அதையே சொன்னாள். “எழுதிக் குடுத்துடுக்கா. ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்.” அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை இருமினாள். “நீ வாய மூடிட்டு மருந்தக் குடி”ன்னு கத்திட்டேன். அவள் மீதா எனக்குக் கோபம்? பாவம்.

மார்ச் 18, திங்கள்
புது நோட்டைத் திறந்து தேதி மட்டும் போட்டேன். இப்படி எழுதிவிட்டால் தங்கச்சியுடைய இருமலுக்குக் காரணமே இல்லை என்று ஆகிவிடும். கூடத்து நாற்பத்தொரு பேருக்கும் அப்படித்தான். மாட்டேன். எழுதவே மாட்டேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க!

மார்ச் 20, புதன்
ஆய்வாளர் ஒரு அம்மாள். மேலாளர் புது நோட்டைக் கேட்டு என்னை முறைத்தார். நான் பழையதை நீட்டினேன்.

“அஞ்சு மாசம் தப்பா ஓடியிருக்கு மேடம். கணக்கு போட்டது அவங்க. சரின்னு கையெழுத்துப் போட்டது நானு. ரெண்டையும் எழுதிக்குங்க.”

ஆய்வாளர் கணக்கை நோட்டின் ஓரத்தில் போட்டுக் காட்டச் சொன்னார். சதுர அடியை விடாமல் போட்டுக் காட்டினேன்.

மார்ச் 21, வியாழன்
வாசலில் லாரி எடை பார்க்கும் வேலைக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள். கோபுரச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். “இங்க கிலோ மட்டும்தான், உங்களுக்குச் சுலபம்” என்றார் தசமம். கொழுப்பைப் பார்!

ஏப்ரல் 18, வியாழன்
ஆய்வாளர் உத்தரவுப்படி கூடத்து ஆட்கள் எல்லோருக்கும் நுரையீரல் பரிசோதனை. தங்கச்சி சீட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ‘வேலையிடத்து அமிலப் புகை, அக்டோபர் முதல்.’ அவளையும் சேர்த்து ஒன்பது பேர் மூன்று மாதம் கூடத்துக்குள் போகக் கூடாது. வேலையிலிருந்தும் எடுக்கக் கூடாது.

“உன் நோட்டோட நகல் டாக்டர் மேசையில இருந்துச்சுக்கா” என்றாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். நன்றாக, சத்தம் போட்டு.

ஏப்ரல் 22, திங்கள்
மிச்சமிருக்கும் முப்பத்திரண்டு பேரும் காலையிலிருந்து கூடத்துக்கு வெளியே நின்றார்களாம். கோபுரத்தை அக்கா வந்து பார்த்து, சரி என்று எழுதினால்தான் உள்ளே கால் வைப்போம் என்று. சாயங்காலம் மேலாளரே போன் செய்தார். “நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்து சாவிய வாங்கிக்குங்கம்மா.”

எட்டு மணிக்குத்தான் வருவேன் என்றேன்.